வாசிப்பு ராபர்ட் ஒயிட்டுக்கு, வரும்படி ஸ்டீவ் கிராப்பருக்கு

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த சோல் இசைக்கு 1960களில் வடக்கே டெட்ராய்ட்டில் மோட்டவுன், தெற்கே மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் என்று இரண்டு பெரிய பட்டறைகள், அதாவது இசைத்தட்டு நிறுவனங்கள், இருந்தன. முன்னதில் ராபர்ட் ஒயிட், பின்னதில் ஸ்டீவ் கிராப்பர். இருவருமே பாடகருக்குப் பின்னால் நின்று கித்தார் வாசித்தவர்கள். யார் பெரியவர் என்ற கேள்விக்கு, வாசிப்பை வைத்து ஒரு விடையும் வரும்படியை வைத்து வேறொரு விடையும் வருகின்றன.

முதலில் வாசிப்பு. 1964இல் மோட்டவுனுக்காக டெம்ப்டேஷன்ஸ் குழு பதிவுசெய்த 'மை கேர்ல்' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். ஜேம்ஸ் ஜாமர்சனின் பேஸ் கித்தார் இதயத்துடிப்புபோல் தொடங்குகிறது. அதன்மேல் ஒயிட்டின் கித்தார் ஸ ரி க ப த ஸ என்று படியேறுகிறது. நம் காதுக்கு அது மோகனத்தின் ஆரோகணம்தான். அடுத்து மத்யமத்தையே ஸட்ஜமாக்கிக்கொண்டு அதே படிகளில் மறுபடி ஏறுகிறது. ஸ்வரங்களைப் பார்த்தால் பாலபாடம். ஆனால் பாடகர் வாய் திறக்கும் முன்பே பாட்டு இன்னதென்று உலகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. மோட்டவுனில் பெரும்பாலும் மூன்று கித்தார்கள் ஒரே அறையில் வாசித்தன. ஜோ மெசினாவும் எடி வில்லிஸும் தாளத்தையும் இடைவெளிகளையும் கவனித்துக்கொள்ள, ஒயிட் கிப்சன் எல்-5 கித்தாரின் கனத்த நாதத்தோடு நடுவில் இருந்தார்.

கிராப்பருக்கு அப்படித் துணை இல்லை. பழைய திரையரங்கு ஒன்றை மாற்றிய கூடத்தில் பெரும்பாலும் அவர் ஒருவர்தான் கித்தார், அதுவும் ஃபெண்டர் கித்தாரின் மெல்லிய, கூரான ஒலி. குறைவாக வாசிப்பதே அவர் வித்தை. 'சோல் மேன்' பாட்டில் வழுக்கி இறங்கும் அந்த ஒலிக்கு அவர் பயன்படுத்தியது சிகரெட் லைட்டர். பாட்டின் நடுவே பாடகர் சாம் மூர் "வாசி, ஸ்டீவ்!" என்று கூவுகிறார். மோட்டவுன் இசைத்தட்டில் ஒயிட்டை யாராவது அப்படிப் பெயர் சொல்லி அழைத்திருப்பார்களா?

இங்கேதான் தராசு சாய்கிறது. கிராப்பர் அந்தத் திரையரங்கின் முகப்பில் இருந்த இசைத்தட்டுக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். எந்தப் பாட்டு எதற்காக விற்கிறது என்பதைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்தவர். பிறகு பாடகர்களோடு உட்கார்ந்து பாட்டும் எழுதினார்: வில்சன் பிக்கெட்டோடு 'இன் த மிட்நைட் அவர்', எடி ஃப்ளாய்டோடு 'நாக் ஆன் வுட்', ஓட்டிஸ் ரெட்டிங்கோடு 'டாக் ஆஃப் த பே'. இரண்டாவதன் தொடக்கம் முதலாவதன் தொடக்கத்தைத் திருப்பிப் போட்டது. சிக்கனம் என்றால் இதுவல்லவா! 1967 டிசம்பரில் ரெட்டிங் விமான விபத்தில் இறந்ததும், கடைசிப் பாட்டுக்கு அலையோசையும் கடற்பறவைகளின் குரலும் சேர்த்து முடித்துக் கொடுத்தவரும் கிராப்பர்தான். எழுதியவராகப் பெயர் இருந்ததால் ராயல்டி வந்தது.

'மை கேர்ல்' எழுதியவர்களாகப் பதிவானவர்கள் ஸ்மோக்கி ராபின்சனும் ரொனால்ட் ஒயிட்டும். அந்த ஒயிட் வேறு ஆள். ராபர்ட்டின் ஆறு ஸ்வரங்களுக்குக் கிடைத்தது வாசித்த கூலி மட்டும். மோட்டவுன் 1971வரை தன் வாத்தியக்காரர்களின் பெயரை இசைத்தட்டு உறையில் அச்சிடக்கூட இல்லை. 1972இல் நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது.

மூன்றாவது வழியும் உண்டு. அலபாமாவில் ஜிம்மி ஜான்சன் என்ற கித்தார் கலைஞர் 1969இல் மூன்று கூட்டாளிகளோடு சொந்தமாகவே ஒலிப்பதிவுக் கூடம் திறந்தார். கூலி வாங்கியவர் வாடகை வாங்குபவரானார். பிழைக்கத் தெரிந்தவர்!

இளம் கலைஞர் ஒருவர் யோசனை கேட்டால் கிராப்பரின் வழியைத்தான் காட்டுவேன். ஆனால் இரவில் நான் தேடிப் போட்டுக் கேட்பது ஒயிட்டை.

1994இல் மறைந்த ஒயிட், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு லாஸ் ஏஞ்சலஸ் உணவகம் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது 'மை கேர்ல்' ஒலித்தது. பரிமாறுபவரிடம் அதைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிழவன் உளறுகிறான் என்று நினைத்துவிடுவாரே என்று தோன்றியதும், பேச்சை மாற்றித் தனக்கு வேண்டிய சாப்பாட்டைச் சொன்னார்.