பண்ணைவீட்டு இருட்டு துலங்கும் டிஸ்க்: 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' கிரைட்டீரியன் பதிப்பு

அறுபதுகளின் திகில் படங்களில் அதிகம் பேர் பார்த்தது இதுவாக இருக்கலாம். ஒழுங்காகப் பார்த்தவர்கள் குறைவு என்பதும் இந்தப் படத்துக்குத்தான் மிகவும் பொருந்தும். யூடியூபில் தேடினால் முழுப்படமும் பத்து இருபது வடிவங்களில் கிடைக்கும். பெரும்பாலானவற்றில் முகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும், இருட்டு தார் ஊற்றியதுபோல் அப்பியிருக்கும், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வரும். அதைப் பார்த்துவிட்டு, "காசில்லாமல் எடுத்த படம், அப்படித்தான் இருக்கும்" என்று முடிவு கட்டியவர்கள் ஏராளம். அந்த முடிவு தவறு என்பதற்கு, முக்கியமான படங்களை டிஸ்க்காக வெளியிடும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனத்தின் டிஸ்க்கே சாட்சி. 2018 பிப்ரவரியில் ப்ளூரேயாக வந்தது, 2022 அக்டோபரில், ப்ளூரேயைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே டிஸ்க்காகவும் வந்தது.

படம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அப்பாவின் கல்லறைக்கு மலர்வளையம் வைக்க அண்ணனும் தங்கையும் காரில் வருகிறார்கள். அங்கே நடந்துவரும் ஒரு மனிதன் தாக்குகிறான், தங்கை தப்பி ஒரு பண்ணைவீட்டுக்குள் ஓடுகிறாள். இரவு முழுக்க அந்த வீட்டைச் சுற்றிப் பிணங்கள். உள்ளே ஏழு பேர், நிலவறையில் பதுங்குவதா மேலேயே நின்று சன்னல்களுக்குப் பலகை அடிப்பதா என்று ஓயாத சண்டை. மீதியைச் சொல்வது பாவம்.

ஜார்ஜ் ஏ. ரொமேரோவுக்கு இது முதல் முழுநீளப் படம். பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த குழு, ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில், நகருக்கு வடக்கே எவன்ஸ் சிட்டி பக்கத்தில் எடுத்தது. விளம்பரப் படம் எடுத்துப் பழகிய கை என்பதை மறக்கக்கூடாது. விளக்கை எங்கே வைப்பது, நிழலை எங்கே விழவைப்பது என்று தெரிந்தவர்கள் 35 எம்எம் கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுத்த படம் இது. அது கந்தலாகத் தெரிந்ததற்குக் காரணம் வேறு.

வெளியீட்டுக்கு முன் படத்துக்கு வைத்திருந்த பெயர் 'நைட் ஆஃப் தி பிளெஷ் ஈட்டர்ஸ்'. கிட்டத்தட்ட அதே பெயரில் முன்பே ஒரு படம் இருந்ததால் பெயரை மாற்றவேண்டி வந்தது. வால்டர் ரீட் விநியோக நிறுவனம் தலைப்புச் சட்டகத்தை மாற்றியபோது, பழைய தலைப்பின் கீழே இருந்த காப்புரிமை அறிவிப்பும் சேர்ந்து போய்விட்டது. புதிய தலைப்பில் அதை யாரும் போடவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளியிட்ட பிரதியில் அறிவிப்பு இல்லையென்றால் உரிமையே இல்லை. 1968 அக்டோபர் 1 அன்று பிட்ஸ்பர்க் ஃபுல்டன் தியேட்டரில் முதல் காட்சி. அன்றிலிருந்தே அமெரிக்காவில் படம் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், விற்கலாம். எடுத்தவர்களுக்கு ஒரு காசு தரவேண்டியதில்லை.

கேசட் காலத்தில் அதைத்தான் செய்தார்கள். தியேட்டர் பிரிண்டிலிருந்து ஒரு பிரதி, அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வீடியோ. பிலிமை ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் கான்ட்ராஸ்ட் ஏறும். வெளிச்சமான இடங்கள் வெளுத்துப்போகும், இருண்ட இடங்கள் ஒரே கறுப்பாகிவிடும், நடுவில் இருக்கும் சாம்பல் நிறங்கள் காணாமல்போகும். ரொமேரோவின் பயமெல்லாம் இருப்பது அந்தச் சாம்பலில்தான். சன்னலுக்கு வெளியே மரமா ஆளா என்று தெரியாமல் நிற்கும் உருவம் முழுக் கறுப்பில் கரைந்துவிட்டால், அங்கே பயப்பட என்ன இருக்கிறது?

இந்த டிஸ்க்கின் அடிப்படை, நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகமும், பழைய படங்களைப் பாதுகாக்கும் தி பிலிம் பவுண்டேஷனும் சேர்ந்து செய்த 4கே மீட்டெடுப்பு. ஜார்ஜ் லூகாஸ் குடும்ப அறக்கட்டளை பணம் கொடுத்தது. பிரிண்டிலிருந்து எடுக்காமல், கேமராவில் ஓடிய மூல நெகட்டிவிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். ரொமேரோவும் உடன் உழைத்த ஜான் ரூஸ்ஸோ, ரஸ் ஸ்ட்ரைனர், கேரி ஸ்ட்ரைனர் ஆகியோரும் மேற்பார்வை. 2016 நவம்பரில் அந்த அருங்காட்சியகத்தில் முதலில் திரையிட்டார்கள். 2017 ஜூலையில் ரொமேரோ காலமானார். தன் படம் தான் எடுத்தபடியே திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டுப் போனார் என்பது பெரிய ஆறுதல்.

பலன் முதல் நிமிடத்திலேயே தெரியும். கல்லறைக்குப் போகும் மண்சாலை, உதிர்ந்த இலை, கார்க் கண்ணாடியில் விழும் வானம் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. வீட்டுக்குள் போனால் சுவர்த்தாளின் பூ வேலைப்பாடும், நாயகன் பென் அடிக்கும் பலகையின் மரவரியும் தெரிகின்றன. பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸின் முகத்தைத்தான் குறிப்பாகச் சொல்லவேண்டும். மட்டமான பிரதிகளில் இருட்டுக் காட்சிகளில் அவர் முகமே மறைந்துபோகும். கறுப்பினத்தவர் ஒருவரை நாயகனாக வைத்து, அவருடைய நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் 1968-ல் எடுத்த படத்தில் அவர் முகம் தெரியாமல்போனால் படமே போயிற்று. இந்த டிஸ்க்கில் அவர் கண்ணில் ஓடும் கணக்கும் களைப்பும் ஒன்றுவிடாமல் தெரிகின்றன.

பிலிம் துகள் நன்றாகவே தெரியும். அது அழுக்கு அல்ல, பிலிமின் இயல்பு. அதைத் தேய்த்து மெழுகுபோல ஆக்காமல் விட்டதற்குக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஒலி மோனோ, அழுத்தாமல் முழுதாகத் தந்திருக்கிறார்கள். ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் நடு ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வருகிறதே என்று ரிசீவரைக் குடையவேண்டாம், அதுதான் சரி. சத்தத்தைச் சுற்றிலும் பரப்பும் சரவுண்டு வசதியை அணைத்துவிடுங்கள். இந்தப் படத்தில் வெளியே என்ன நடக்கிறது என்பதை நமக்குச் சொல்வது வீட்டிலுள்ள ரேடியோவும் டிவியும்தான். அந்த அறிவிப்புகள் புரியாவிட்டால் கதையில் பாதி போய்விடும். இதில் ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. இசை இந்தப் படத்துக்கென்று போட்டதல்ல, கேப்பிடல் நிறுவனத்தின் ஆயத்த இசைத் தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுத்து ஒட்டியது. அதைக் குறித்தும் டிஸ்க்கில் ஒரு தனி விவரணம் இருக்கிறது. தமிழ் சப்டைட்டில் இல்லை, ஆங்கிலம் மட்டும்.

இனி வாங்குபவர்கள் தடுக்கி விழும் இடம்: ரீஜியன், அதாவது டிஸ்க் எந்தெந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்ற எல்லை. ப்ளூரே உலகில் அமெரிக்கா 'ஏ', இந்தியா 'சி'. இந்த ப்ளூரே 'ஏ' ரீஜியனுக்குப் பூட்டியது. இந்தியாவில் வாங்கிய சாதாரண பிளேயரில் போட்டால் எச்சரிக்கைத் திரையோடு நின்றுவிடும். டிவிடி ரீஜியனை ரிமோட்டில் மாற்றிவிட்டோமே என்று நம்பவேண்டாம், ப்ளூரே பூட்டு வேறு. பல பிளேயர்களில் உள்ளே சிப் மாற்றினால்தான் திறக்கும். விற்பவர் "ரீஜியன் ஃப்ரீ" என்றால், டிவிடிக்கா ப்ளூரேக்கா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

4கே டிஸ்க்குகளுக்கு ரீஜியனே கிடையாது. அதனால் நம் ஊரில் இருப்பவர்களுக்கு 4கே பதிப்பே சரியான தேர்வு. பெட்டியில் ஒரு 4கே டிஸ்க், இரண்டு ப்ளூரே. படம் 4கேயில் எந்த ஊரிலும் ஓடும். ஆனால் கூடுதல் அம்சங்களில் பெரும்பகுதி அந்த இரண்டு ப்ளூரேயில் இருக்கிறது, அவற்றுக்கு 'ஏ' பிளேயர் தேவை. இதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். அட்டை விலை ப்ளூரேக்கு 39.95 டாலர், 4கேக்கு 49.95. அமெரிக்காவில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடைகளில் ஜூலையிலும் நவம்பரிலும் வழக்கமாகப் பாதி விலைக்கு வரும். அங்கே உறவினர் இருந்தால் அந்த நேரத்தில் சொல்லி வையுங்கள். அஞ்சலில் தருவித்தால் சுங்க வரியையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

எதில் ஓட்டுவது? டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 4கே டிஸ்க் ஓடும். பிளேஸ்டேஷன் 4, அதன் புரோ வடிவம் எதிலும் ஓடாது. கணினியில் பார்க்கலாம் என்று திட்டமிட்டால் கவனம் தேவை. முறையான 4கே டிஸ்க் மென்பொருள் இன்டெல் சிப்பில் இருந்த ஒரு பாதுகாப்பு வசதியை நம்பி எழுதியது, 11-ஆம் தலைமுறை மேசைக்கணினி சிப்களிலிருந்து இன்டெல் அதை எடுத்துவிட்டது.

ப்ளூரேக்கும் 4கேக்கும் வித்தியாசம் உண்டா? 55 அங்குலத்துக்குக் குறைந்த டிவியில் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் அதிகம் தெரியாது. பெரிய திரையில், குறிப்பாக ஓஎல்இடி டிவியில், இருட்டுக்குள் இருக்கும் படிநிலைகள் துல்லியமாகத் தெரியும். 'ஏ' பிளேயர் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ப்ளூரே போதும்.

நல்ல டிஸ்க்கையும் டிவி கெடுக்கும். படத்தின் அகல உயர விகிதம் 1.37. அகலத் திரையில் இடமும் வலமும் கறுப்புப் பட்டை நிற்கும். 1920 புள்ளி அகலத்தில் படம் ஏறத்தாழ 1480 புள்ளி, பக்கத்துக்கு 220 புள்ளி காலி. திரை வீணாகிறதே என்று ஜூம் செய்தால் உயரத்தில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக வெட்டுப்படும், தலைகள் போகும். இழுத்து நிரப்பினால் எல்லாரும் குண்டாவார்கள். ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தால் அதை வையுங்கள், இல்லையென்றால் சினிமா மோடு. மோஷன் ஸ்மூத்திங் கட்டாயம் அணைக்கவேண்டும். பிணங்கள் தள்ளாடி நடக்கும் நடை நொடிக்கு 24 பிரேமில்தான் விகாரமாக இருக்கும், நடுவில் டிவி பிரேம்களை நுழைத்தால் சீரியல்போல வழுக்கும். நாய்ஸ் ரிடக்‌ஷன் பூஜ்ஜியம், ஷார்ப்னெஸ் பூஜ்ஜியம் அல்லது அதற்குப் பக்கம். நிறவெப்பம் 'வார்ம்'. கறுப்பு வெள்ளையில் டிவியின் நீலச்சாயல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பிளேயரில் 24பி வெளியீட்டை ஆன் செய்யுங்கள், கேமரா நகரும்போது வரும் தடுமாற்றம் நிற்கும்.

கையில் ஏற்கெனவே ஒரு பிரதி இருந்தால் அது எப்படிப்பட்டது என்று பார்க்க எளிய வழி நேரம். படம் 96 நிமிடம். 92-ல் முடிந்தால், ஐரோப்பிய டிவி முறைக்காக 25 பிரேமில் வேகமாக ஓட்டிய பிரதி, குரல்களும் சற்றே கீச்சென்று இருக்கும். படம் தொடங்கும்போதே வேறு நடிகர்கள், வேறு இசை என்றால் அது 30-ஆம் ஆண்டு நிறைவுக்கென்று ரொமேரோ இல்லாமல் புதுக் காட்சிகள் சேர்த்த பதிப்பு, தவிர்க்கவேண்டும். நிறமேற்றிய பதிப்புகளும் வேண்டாம். ரத்தத்துக்கு இவர்கள் ஊற்றியது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் எந்தச் சாம்பல் வரும் என்று பார்த்துத் தேர்ந்த பொருளின்மேல் சிவப்பு பூசினால் பார்த்த கண்ணுக்குப் பொருந்தவே பொருந்தாது.

கூடுதல் அம்சங்களில் முதலில் கேட்கவேண்டியது 1988-ல் மறைந்த டுவேன் ஜோன்ஸின் நேர்காணல். இந்தப் படத்தைப் பற்றி அதிகம் பேசாதவர் அவர். அடுத்து, படத்தைப் பார்த்தபடியே படக்குழுவினர் பேசி 1994-ல் பதிவான இரண்டு உரையாடல் ஒலித்தடங்கள். எந்தக் காட்சியில் யார் வீட்டுப் பொருள், யார் எந்த வேலையையும் சேர்த்துச் செய்தார் என்று சிரிப்பும் சண்டையுமாகப் போகிறது. சின்னப் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு அது ஒரு பாடசாலை. 'நைட் ஆஃப் அனுபிஸ்' என்ற வேலைப்பெயரோடு இருக்கும் முன்வடிவம் ஆராய்பவர்களுக்கு மட்டும். அறிமுகமாகப் பார்க்கிறவர்கள் அதைத் தொடவேண்டாம்.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். இதை ஜாம்பி படங்களின் தாய் என்பார்கள், ஆனால் படத்தில் 'ஜாம்பி' என்ற சொல்லே வராது. அவர்கள் சொல்வது 'கூல்' (ghoul). தமிழில் அதற்கு நேரான சொல் நம்மிடம் எப்போதோ உண்டு: பிணந்தின்னி. போர்க்களத்துப் பிணங்களைக் கூழாக்கிப் பேய்கள் உண்பதைப் பரணி பாடிய மொழிக்கு இந்தப் படத்தின் விருந்துக் காட்சி முற்றிலும் புதிதல்ல. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டாம். அமெரிக்காவில் வயதுத் தரச்சான்று முறை வந்ததே 1968 நவம்பரில்தான். அதற்குள் படம் வந்துவிட்டதால் பகல் காட்சிகளில் குழந்தைகள் உட்கார்ந்து பார்த்து நடுங்கினார்கள்.

கடைசியாக ஒன்று. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது வரும் நிழற்படங்கள் செய்தித்தாளில் அச்சடித்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும். அவ்வளவு நேரம் துல்லியமாக இருந்த படம் திடீரென்று இப்படி ஆனதால் டிஸ்க்கில் கோளாறு என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ரொமேரோ அந்தப் பகுதியை அப்படியே எடுத்தார். விளக்கைப் போடாமல் அதையும் கடைசிவரை பாருங்கள்.