நிலாப் படத்தைக் காட்டி லென்ஸ் விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்!

இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நிலாவைப் படம் எடுக்கப் பழைய டெலி லென்ஸ் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கும் லென்ஸ்) தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

வானத்தில் நிலா அரை டிகிரி அகலம்தான். 50 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸில் எடுத்தால் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும் நிலா அரை மில்லிமீட்டர்கூட வராது. 600 மி.மீ. என்றால் ஐந்தரை மில்லிமீட்டர் வரும், பள்ளங்கள் தனித்தனியாகத் தெரியும். அதற்காகத்தான் பழைய கேமரா சாமான்கள் கைமாறும் ஓர் ஆன்லைன் தளத்தில், 150–600 மி.மீ. ஜூம் லென்ஸுக்கு இரண்டு மாதச் சம்பளத்தை மொத்தமாகக் கட்டினேன்.

நம்ப வைத்தது ஒரே ஒரு படம். "நேத்து சாயங்காலம் இதே லென்ஸ்ல எடுத்தது சார். நானும் நிலாப் பைத்தியம்தான், உங்க கைக்குப் போறதுல சந்தோஷம்" என்று விற்றவர் அனுப்பினார். அரை நிலா. கோபர்னிக்கஸ் பள்ளத்தின் நடுச் சிகரங்கள்கூடப் புள்ளியாகத் தெரிந்தன. அவ்வளவு அன்பாகப் பேசிய மனிதர்! ஆனால் சொன்னது பொய். கோபர்னிக்கஸ் வெளிச்சத்தில் இருக்கும் அரை நிலா தேய்பிறை நிலா. அது நள்ளிரவு வாக்கில்தான் உதிக்கும். சாயங்காலம் எடுத்தாராம்!

லென்ஸ் வந்த அன்று வானம் முழுக்க மேகம். வானம் தெளிந்ததும் கேமரா முக்காலியில் (ட்ரைபாட்) வைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 1/125 நொடி என்று வெளிச்சத்தை அளவாக வைத்து எடுத்தேன். நிலாவைச் சுற்றிப் பால் கொட்டியது போல ஒளிவட்டம். ஓரம் ஒரு பக்கம் மட்டும் மழுங்கல். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் நூல் நூலாகப் பூஞ்சை.

விற்றவரைக் கேட்டால் முதலில் "எக்ஸ்போஷர் கூடிப்போச்சு" என்றார். பிறகு "காத்துல ஈரம்" என்றார். அதே இரவில், அதே முக்காலியில், நண்பரின் லென்ஸில் எடுத்த தெளிவான படத்தை அனுப்பினேன். அதோடு பிளாக் செய்துவிட்டார். தளத்துக்காரர்களோ, பொருள் வந்த 24 மணி நேரத்துக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். மேகம் விலகினால்தானே ஐயா நிலா தெரியும்? எத்தனை முறை எழுதினாலும் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற அதே வரி. இன்று காலை புகாரை மூடிவிட்டதாகத் தகவல். இரண்டு மாதச் சம்பளத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு!

நல்ல லென்ஸ் தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்: மாதிரிப் படம் காட்டினால் அதன் ரா ஃபைலை (கேமரா பதிவு செய்த மூலக் கோப்பு) கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பார்சலைப் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள். நிலாவுக்காகக் காத்திருக்காமல் வந்த அன்றே, பகலிலேயே, ஒரு செங்கல் சுவரை நேராக நின்று எடுத்து எங்காவது மழுங்குகிறதா என்று நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். புகாருக்கு எத்தனை மணி நேரம் என்று பணம் கட்டும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.