பலாப்பலகை நிற்கிறது, பேக்கிங் பலகை போய்விட்டது

நெய்வேலியில் இருக்கும் மச்சான், மண் நிரப்பிக் காய்கறிச் செடி வளர்க்க மரப்பெட்டி அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். கேட்ட நேரம் சரியில்லை. ஆடிப்பட்டத்துக்குத் தயார் செய்யலாம் என்று கொல்லையில் இருந்த பெட்டி ஒன்றை இப்போதுதான் பிரித்தேன். கரையான் தின்றது போக மிஞ்சிய பலகை வெந்நீர் அடுப்புக்குப் போனது. அந்த எரிச்சலிலேயே எழுதுகிறேன்.

அளவு எல்லோரும் போடுவதுதான்: எட்டடி நீளம், நாலடி அகலம், ஓரடி உயரம், அடியில் பலகை இல்லை. செம்மண், மட்கிய தொழுவுரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து போட்டேன். 32 கன அடி என்றால் சின்னதாகத் தெரியும். கணக்குப் போட்டால் 900 லிட்டர் வரும், ஒரு வீட்டுத் தண்ணீர் டேங்க் அளவு. ஒரு மழைக்காலம் போனதும் மண் நாலு விரல் இறங்கிவிடும், மறுபடி எரு வாங்கி நிரப்ப வேண்டும். இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. என் சண்டை கரையானோடு மட்டும்தான்.

என்னிடம் இருப்பவை இரண்டு பெட்டிகள். ஒன்று, இயந்திரம் இறக்கும்போது வரும் பேக்கிங் மரம், பைன். பழைய மரக்கடையில் மலிவாகக் கிடைத்தது, இழைத்தால் அழகாகவும் இருந்தது. இன்னொன்று, 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் அடித்தபோது எங்கள் கொல்லையில் சாய்ந்த பலா. கடலூர் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாக விழுந்த வருஷம் அது. விழுந்ததை அறுத்து மாட்டுக்கொட்டகைப் பரணில் போட்டு வைத்திருந்தோம். கதவு செய்யலாம் என்ற பேச்சு இருந்தது, யாரும் செய்யவில்லை. கடைசியில் கத்தரிக்காய்க்கு வேலியானது.

பேக்கிங் பலகைப் பெட்டி வெளியிலிருந்து பார்த்தால் புதிதுபோலத்தான் இருந்தது. பச்சைப் பெயின்ட்கூட உரியவில்லை. மூலை ஸ்க்ரூவை முறுக்கிப் பார்ப்போம் என்று திருப்புளியை வைத்தேன், கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. பெயின்டும் அதற்குப் பின்னால் காகிதக் கனத்துக்கு மரமும்தான் பாக்கி. உள்ளே முழுக்க ஈர மண். அந்த மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக அவசரமாக ஓடிக்கொண்டிருந்தன. வெளிச்சம் ஆகாது என்பதால் மேல்தோலைத் தொடாமல் விட்டுவைக்கும் ஜாதி இது. அதனால்தான் கடைசி நாள் வரை நமக்குத் தெரிவதில்லை.

பலாப் பெட்டி ஓரடி தள்ளித்தான் இருக்கிறது. அதே மண், அதே தண்ணீர். மரத்தின் நடுவில் முற்றிய பகுதியான மஞ்சள் வைரத்தில் ஒரு கீறல் இல்லை. ஒரே ஒரு பலகையின் விளிம்பில் வெள்ளை, அதாவது முற்றாத வெளிமரம், இருந்தது. அந்த வெள்ளையை மட்டும் வைரம் தொடங்கும் கோடு வரை சுத்தமாகத் தின்றுவிட்டுக் கரையான் நிறுத்தியிருக்கிறது. ஆசாரி பார்த்துவிட்டு, “அதுக்குத் தெரியுது சார், நமக்குத்தான் தெரியல” என்றார். பழுதுபார்க்க வந்தவரிடம் இந்த ஏச்சு வேறு.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே எளிதில் அழுகாத சிடார் மரத்தில் அடிக்கிறார்கள், இல்லையென்றால் மருந்து ஏற்றிய மரத்தில். அந்த மருந்திலும் முன்பு ஆர்சனிக் இருந்தது. அமெரிக்காவில் 2003-ன் முடிவோடு வீட்டு உபயோக மரத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். நம் ஊர்ப் பெட்டி எப்போதும் ஈரமாக, இருட்டாக, மண்ணைத் தொட்டுக்கொண்டு இருக்கும். கரையானுக்கு வேறென்ன வேண்டும்? செங்கல் வைத்துப் பலகையைத் தூக்கலாம் என்பார்கள். தூக்கினால் வெளிப்பக்கம் கரையான் கட்டும் மண்கோடு ஏறுவது கண்ணில் படும், தட்டிவிடலாம். ஆனால் அடி திறந்த பெட்டியில் அது உள்பக்க மண் வழியாகவே வந்துவிடுகிறதே, அதை எங்கே போய்ப் பார்ப்பது?

பூச்சிமருந்துக் கடையில் கரையான் மருந்தை ஊற்றச் சொன்னார்கள். கீரை பறித்துத் தின்கிற மண்ணில் அதை ஊற்ற மனசு வரவில்லை. கழிவு ஆயில் யோசனையும் வந்தது, அதுவும் வேண்டாம் என்றுவிட்டேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோல் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. படகுக்கும் வலைக்கும் பூசுகிற அதே கறுப்பு எண்ணெய்தான். புதுப் பலகையின் வெளிப்பக்கத்திலும் அடி விளிம்பிலும் மட்டும் பூசிக் காயவைத்திருக்கிறேன். கையில் பட்டால் தோல் வெந்து உரியும், உறை இல்லாமல் தொடாதீர்கள். மண்ணில் வேப்பம் புண்ணாக்கும் கலந்திருக்கிறேன். மட்காத சாணம் மட்டும் கூடவே கூடாது. கரையானுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதும் அதுவும் ஒன்று.

சரி, நியாயமும் பேச வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்து, தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அப்போது கொல்லை முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். தரையில் நட்டிருந்த கத்தரியும் மிளகாயும் வேர் மூச்சு முட்டி, மழை விட்டு வெயில் வந்ததும் துவண்டு விழுந்தன. பெட்டியில் இருந்த அதே வயதுச் செடிகள் ஒன்றும் நடக்காததுபோல நின்றன. பொங்கலுக்குக் காய் கடையில் வாங்கவில்லை. முள்ளங்கி இன்னொரு ஆச்சரியம். எங்கள் இறுகிய செம்மண்ணில் கிளை பிரிந்து கோணலாக வருவது, பெட்டியில் நேராக இறங்கியது. இழுத்தால் சிரமமே இல்லாமல் வந்துவிடும். அம்மா பெட்டி ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தே சிறுகீரை கிள்ளுகிறார். குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்று தோட்டத்துப் பக்கமே வராதவர் அவர். இது ஒன்றுக்காகவே பெட்டிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் மார்க் போடலாம்.

அடிக்கும்போது ஒரு விஷயம். எட்டடிப் பலகை நடுவில் வயிறு தள்ளும். ஈர மண்ணின் எடை அப்படி. நடுவில் இரண்டு பக்கமும் முளை அடித்து, மண்ணுக்குள்ளாகக் குறுக்கே கம்பி கட்டிவிட வேண்டும். ஆணி கழன்றுவிடும், ஸ்க்ரூதான் போட வேண்டும்.

மாடி என்றால் பேச்சே வேண்டாம், மச்சான். ஓரடி உயரத்துக்கு நனைந்த தோட்ட மண் சதுர மீட்டருக்கு 500 கிலோவை ஒட்டி வரும். சாதாரண மொட்டை மாடிக்கு, ஆள் நடமாட்டம் பொருள் எல்லாம் சேர்த்து, விதிப்படி கணக்கில் எடுப்பது 150 கிலோ. நார்க்கழிவைக் கூட்டி உயரத்தைக் குறைத்தாலும் பொறியாளரிடம் காட்டாமல் ஏற்றாதீர்கள். மாடிக்குப் பை போதும்.

தரையில் போடுவதாக இருந்தால்? பெட்டி நல்லது, மழைக்கு நல்லது, முதுகுக்கு நல்லது, காய் நன்றாக வருகிறது. ஆனாலும் மரத்தில் அடிக்காதீர்கள். செங்கல்லை அடுக்கி விடுங்கள், ஹாலோ பிளாக் இன்னும் சுலபம். வைரம் பாய்ந்த பலாவோ தேக்கோ வீட்டிலேயே கிடந்தால் ஒழிய, காசு கொடுத்துப் பலகை வாங்கி மண்ணில் நிறுத்துவது கரையானுக்குச் சோறு போடும் வேலை. பேக்கிங் மரம் மலிவு என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

ஆசாரியிடம் நான் இன்னும் நாலு பலாப்பலகை சொல்லி வைத்திருப்பது உண்மைதான், மச்சான். அதைக் கேட்காதீர்கள். இன்றைய என் பதில் செங்கல்.