காலேஜ் பேக் வாங்குகிறீர்களா? ‘ஒரு வருஷ வாரன்ட்டி’யை நம்பி ஏமாறாதீர்கள்

முதல் வருஷம் சேரும் பிள்ளைக்குப் பை வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் வாங்கிய லேப்டாப் பேக் தீபாவளிக்குள் பட்டை பிய்ந்து தொங்குவது இப்போது சர்வசாதாரணம். வாரன்ட்டி கார்டோடு கடையில் போய் நின்றால், “ஓவர்லோடு பண்ணியிருக்கீங்க தம்பி, இது கம்பெனி மிஸ்டேக் இல்லை” என்று அனுப்பிவிடுகிறார்கள். கார்டைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் இருக்கும்: ஜிப், பட்டை, பக்கிள், தையல் தேய்மானம் எதற்கும் வாரன்ட்டி கிடையாது. இவ்வளவையும் கழித்தால் பையில் மிச்சம் துணி மட்டும்தான். துணி ஒரு வருஷத்தில் கிழியாது என்று விற்றவருக்கு நன்றாகவே தெரியும்.

ஓவர்லோடு கதையை முதலில் பார்ப்போம். லேப்டாப் 2.2 கிலோ, சார்ஜர் அரை கிலோ, ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் தண்ணீரோடு 1.3 கிலோ, டிபன் பாக்ஸ் முக்கால் கிலோ, இரண்டு லாங் சைஸ் நோட்டு, ஒரு ரெக்கார்டு எல்லாம் சேர்ந்து 1.3 கிலோ, பையே முக்கால் கிலோ. ஏறக்குறைய 7 கிலோ. இன்ஜினியரிங் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் இது அன்றாடச் சுமைதான். ‘லேப்டாப் பேக்’ என்று எழுதி விற்ற பை இந்தச் சுமையைத் தாங்காவிட்டால் குறை பையில்தான். ஆனால் கடையில் நின்று வாதாடி ஜெயிப்பது கஷ்டம். அதனால் வாங்கும்போதே பிடிக்க வேண்டும்.

பையைக் கவிழ்த்து உள்பக்கத்தை வெளியே இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பட்டை மேலே சேரும் இடத்தில் கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்ட மாதிரி தையல் இருக்க வேண்டும், அல்லது பட்டைக்குக் குறுக்கே நெருக்கமாக ஓட்டிய கெட்டித் தையல் இரண்டு வரிசையாவது தெரிய வேண்டும். ஒரே ஒரு நேர்த்தையலில் பட்டையைச் செருகி மூடியிருந்தால் அந்தப் பையை அப்படியே வைத்துவிடுங்கள். பஸ்ஸில் ஏறும்போது யாரும் இரண்டு தோளிலும் மாட்டுவதில்லை. மொத்தச் சுமையும் ஒற்றைப் பட்டையில் இறங்கும், அதுவும் வெடுக்கென்று.

கீழ்ப்பக்கம் இன்னும் முக்கியம். தோள்பட்டையின் கீழ்முனையில் வரும் நாடா பையோடு சேரும் இடத்தில் ஒரு முக்கோணத் துணித்துண்டு இருக்கிறதா பாருங்கள். நாடாவை அந்த முக்கோணத்தில் தைத்து, முக்கோணத்தின் அகலமான பக்கத்தைப் பக்கத் தையலுக்குள் விடுவதுதான் சரியான முறை. இழுவிசை ஏழெட்டு சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரவும். மலிவுப் பையில் நாடாவின் நுனியை மட்டும் நேராகத் தையலுக்குள் செருகியிருப்பார்கள். முதலில் பிய்வது இந்த இடம்தான். தையலுக்கு வெளியே விட்ட துணி ஒரு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், அதன் மேல் விளிம்பை மூடும் பைண்டிங் நாடா ஓடியிருக்க வேண்டும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் மட்டும் விட்டு, விளிம்பில் நூல் சிலும்பிக்கொண்டிருந்தால் தையல் அறுவதற்கு முன்பே துணி நழுவி வெளியே வந்துவிடும். அதை மறுபடி தைக்கவும் பிடிமானம் இருக்காது. தையல் எண்ணிக்கையையும் பாருங்கள். கட்டைவிரலின் மேல்கணு ஏறக்குறைய ஒரு இன்ச். அதற்குள் ஏழெட்டுத் தையல் விழுந்திருந்தால் நல்லது, நாலைந்துதான் என்றால் அவசரத்தில் ஓட்டியது.

ஜிப் விஷயத்தில் ஏமாற்று வேறு மாதிரி. முன்பக்கக் குட்டி அறைக்குப் பளபளப்பான நல்ல ஜிப், பெரிய அறைக்கு மெல்லிய ஜிப். கடையில் எல்லோரும் திறந்து பார்ப்பது முன்பக்கத்தைத்தான். ஜிப்பைத் திறந்து மூட நகரும் ரன்னரின் முதுகில் பெரும்பாலும் எண் இருக்கும். பெரிய அறைக்கு 5-க்குக் குறையக் கூடாது, 8 இருந்தால் நிம்மதி. 3 என்றால் அது பவுச்சுக்கான ஜிப். எண் இல்லாவிட்டால் மூடிய பல்வரிசையின் அகலத்தைப் பாருங்கள், 5 மில்லிமீட்டர் இருந்தால் ஐந்தாம் நம்பர். வெறும் பையில் எந்த ஜிப்பும் வழுக்கிக்கொண்டுதான் ஓடும். கையோடு லேப்டாப்பையும் இரண்டு நோட்டையும் கொண்டுபோய் உள்ளே வைத்து, வளைவான மூலைகளில் நாலைந்து முறை இழுத்துப் பாருங்கள். அங்கே திக்கினால் பிறகு அங்கேதான் விரியும்.

லிட்டர் கணக்கு அடுத்த புளுகு. உயரம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். ‘35 லிட்டர்’ என்று டேக் தொங்கும் பையை அளந்தால் 45, 30, 15 என்று வரும். அது 20 லிட்டர். நிஜமான 35 லிட்டருக்கு 48, 33, 22 வேண்டும். மேல்பக்கம் வளைந்திருப்பதால் உண்மையில் இதைவிடவும் குறையும்.

லேப்டாப் அறையில் கையை விட்டு அடியைத் தொடுங்கள், மறு கையால் பையின் அடிப்பக்கத்தை வெளியிலிருந்து தொடுங்கள். இரண்டு கைக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். லேப்டாப் அறை அந்தரத்தில் தொங்க வேண்டும். அடிவரை இறங்கியிருந்தால், வகுப்பில் பையைத் தொப்பென்று கீழே வைக்கும் ஒவ்வொரு தடவையும் லேப்டாப்பின் மூலைதான் தரையில் மோதும். ஸ்பாஞ்சைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மொறுமொறுவென்று சத்தம் கேட்டு, பள்ளம் அப்படியே நின்றால், டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளை ஃபோமை வைத்து மூடியிருக்கிறார்கள். ‘15.6 இன்ச்’ என்பது திரையின் மூலைவிட்ட அளவு மட்டுமே. கேமிங் லேப்டாப்பின் உடல் அதைவிடப் பெரிது, தடிமனும் அதிகம்.

வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லி நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டுவார்கள். துணியில் தண்ணீர் நிற்கும், வாஸ்தவம்தான். ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்குவது ஊசி ஓட்டை வழியாகவும் ஜிப் வழியாகவும். தனி ரெயின் கவர் இல்லாமல் எதையும் நம்பாதீர்கள். வெளியே தெரியும் யுஎஸ்பி ஓட்டைக்குக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது வெறும் வயர், பவர்பேங்க் நீங்கள்தான் வாங்கிப் போட வேண்டும்.

பை அடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும், ஏனென்றால் ‘ஓவர்லோடு’ என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்புக் கொடுப்பது தப்பான அடுக்கல்தான். லேப்டாப் முதுகை ஒட்டி. அதற்கு அடுத்து ரெக்கார்டும் நோட்டும் நிமிர்ந்த வாக்கில், தடித்த அட்டையின் மூலை ஜிப்பை இடிக்காதபடி. சார்ஜர் அடியில் நடுவில். அதை முன்பக்க அறையில் போட்டால் பை முன்னால் சாய்ந்து மேல் பட்டையை இழுக்கும். பாட்டில் ஒரு பக்க வலையில் என்றால் குடை மறுபக்கம். டிபன் பாக்ஸைத் தனித் துணிப்பையில் வையுங்கள், சாம்பார் கசிந்து லேப்டாப் போன பிறகு எந்த வாரன்ட்டியும் உதவாது. இன்ஜினியரிங் டிராயிங்குக்கான டிராஃப்டர் கருவியை ஜிப் மூலையில் நீட்டிக்கொண்டு போவதை அடியோடு நிறுத்துங்கள். பல் விரிவது பெரும்பாலும் அதனால்தான். அதற்கென்று தனி உறை உண்டு.

இனி பில். சீசன் நேரத்தில் பல கடைகளில் தருவது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டு. அது பில் ஆகாது. கடை பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில்லைக் கேட்டு வாங்கி, அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். தெர்மல் பேப்பர் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வாரன்ட்டி கார்டில் தேதியும் கடை முத்திரையும் விழாமல் நகராதீர்கள். டேக்கில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், வருஷம், வாடிக்கையாளர் புகார் எண் இருக்கிறதா பாருங்கள். வெறுமனே ‘எம்.ஆர்.பி. 2,999’ என்று ஸ்டிக்கர் ஒட்டி 899-க்குக் கொடுத்தால், பின்னால் யாரைத் தேடிப் போவீர்கள்?

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அதில்தான் சேரும். ஆகவே முதல் நாளிலிருந்தே முழுச் சுமையோடு பயன்படுத்துங்கள், புதுசு என்று அலமாரியில் வைக்காதீர்கள். தையல் வாய் திறந்தால் உடனே போட்டோ எடுத்து, எழுத்து மூலம் கடைக்கு அனுப்புங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷ அவகாசம் உண்டு. ஆன்லைனில் வாங்கியவர்கள் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு சில நாள்தான், அதற்குள் மேலே சொன்ன சோதனைகளை முடித்துவிடுங்கள்.

ரிப்பேரிலும் ஏமாற்று நடக்கிறது. ஜிப்பை மூடினாலும் பல் சேராமல் பின்னால் விரிகிறது என்றால் பெரும்பாலும் ரன்னரின் வாய் அகன்றதுதான் காரணம், ரன்னரை மட்டும் மாற்றினால் போதும், சில பத்து ரூபாய் வேலை. முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும் என்று பல மடங்கு கேட்பார்கள். பல்லே உடைந்திருந்தால் அல்லது ஜிப்பின் துணி கிழிந்திருந்தால்தான் அது நியாயம். ரன்னர் மாற்றிய பிறகு, திறந்த ஜிப் முனையைக் குறுக்குத் தையல் போட்டு அடைத்தார்களா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். இல்லாவிட்டால் முழுசாகத் திறக்கும் முதல் நாளே ரன்னர் கழன்று கையோடு வந்துவிடும்.