தமிழில் ஜார்ஜ்டவுன்: ஒரு மரபு நடையைப் பற்றி

பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஜார்ஜ்டவுனைச் சுற்றிக்காட்ட ஒருவர் வேண்டுமா என்ற தயக்கத்தோடுதான், பழைய இடங்களை நடந்தே பார்த்து வரலாறு கேட்கும், தமிழில் நடத்தப்படும் மரபு நடை ஒன்றுக்குச் சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை என் தந்தையை அழைத்துச் சென்றேன். ஆளுக்கு 60 வெள்ளி கட்டணம்; மூன்று மணி நேரம்; எங்களோடு சேர்த்து 12 பேர். கொடுத்த பணத்துக்கு மேலாகவே கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைகளும் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன்.

விக்டோரியா மகாராணி மணிக்கூண்டில் நடை தொடங்கியது. ஆட்சியாண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரம் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி; அங்கே நின்ற கால் மணி நேரத்தைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். கோர்ன்வாலிஸ் கோட்டையில்தான் வழிகாட்டியின் உழைப்பு தெரிந்தது. 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் இறங்கியபோது அங்கே எழும்பியது நிபோங் என்னும் பனைவகை மர வேலி மட்டுமே என்பதையும், இன்று நாம் காணும் செங்கல் மதில் பின்னர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது என்பதையும், 1818-இல் கட்டிமுடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலும் அதே கைகள் வேலை செய்தன என்பதையும் அவர் ஒரே சரடாகக் கோத்துச் சொன்னார். எத்தனையோ முறை அந்த மதிலோரம் நடந்திருக்கிறேன். யார் சுமந்த செங்கல் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சூலியா தெருவுக்கு முன்னாளில் மலபார் தெரு என்று பெயர். அதன் தென்புறத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 18 ஏக்கர் நிலம் வழங்க, பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த வணிகரும் சமூகத் தலைவருமான (கப்பித்தான்) காதிர் முகைதீன் முன்னின்று 1801-இல் பள்ளிவாசல் எழுப்பிய வரலாற்றை வழிகாட்டி நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஆனால் அருகிலுள்ள நாகூர் தர்காவுக்கு ஐந்தே நிமிடம் ஒதுக்கியது எனக்கு வருத்தம். சாகுல் ஹமீது ஆண்டவர் அடங்கியிருப்பது நாகூரில். கடல் கடந்து வந்த சோழமண்டலக் கரை மக்கள் அவர் நினைவை இங்கே ஒரு கட்டடமாக நிறுத்தினார்கள், அதே போன்று ஒன்றைச் சிங்கப்பூரிலும் கட்டினார்கள். இந்த நடையில் விரித்துச் சொல்லத்தக்க இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில் வாசலில் எதிர்பாராதது நடந்தது. 1833-இல் கோயிலாக விரிவடைந்த கதையைச் சொல்லிவந்த வழிகாட்டி, துறைமுகத் தொழிலாளர்களே இதன் அடியார் கூட்டம் என்று ஒரு வரியில் முடித்தார். பதினேழு வயதில் தோங்காங் என்னும் சரக்குப் படகு வேலைக்குப் போன என் தந்தை, "தம்பி, மூட்டையை எப்படித் தூக்கினோம் என்று சொல்லவில்லையே" என்றார். வழிகாட்டி உடனே விலகி நின்று, "நீங்களே சொல்லுங்கள் ஐயா" என்றார். கோணிச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொள்வதையும், வலக்கைக் கொக்கியால் மூட்டையின் மூலையை இழுத்துப் பிடரியில் ஏற்றுவதையும், 81 வயதிலும் கைகள் மறக்காமல் அவர் செய்து காட்டினார். தோங்காங்கிலிருந்து கரைக்குப் போட்டிருப்பது ஒற்றைப் பலகை. "பலகை ஆடுகிற தாளத்துக்குக் கால் வைக்கணும் தம்பி. மாறி வைத்தால் மூட்டையோடு கடல்தான்." பேச்சை இடைமறிக்காமல் கேட்டு, தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட அந்த இளைஞருக்காகவே இந்த நடையை நான் பரிந்துரைப்பேன்.

பினாங்கு தெருவில் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கூடமான கிட்டங்கியை வெளியே நின்றுதான் பார்த்தோம். ஒரே கூடத்தில் ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு தொழில் நிறுவனத்துக்கும், பெட்டியடி என்னும் ஓர் இடம், தாழ்ந்த மேசை, ஒரு பெட்டகம் என்று அவர் விவரித்தது கண்முன் நின்றாலும், உள்ளே செல்ல முன்கூட்டி அனுமதி பெற்றிருக்க வேண்டும். கொடுத்த வரைபடத் தாளில் கிட்டங்கி என்ற சொல்லே பிழையாக அச்சாகியிருந்தது. தமிழில் நடத்துகிறோம் என்று சொல்பவர்கள் அதைத் திருத்துவது கடமை. லெபோ பசாரில் கடைகளின் பாட்டுச் சத்தத்தில் முன்வரிசை நால்வரைத் தவிர மற்றவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. இடுப்பில் கட்டும் சிறு ஒலிபெருக்கி ஒன்று போதும்.

கந்தார் என்றால் தோளில் சுமக்கும் காவடித்தண்டு என்ற விளக்கத்தோடு நாசி கந்தார் சோற்றுக் கடையொன்றில் நடை முடிகிறது. சாப்பாட்டுச் செலவு நம்முடையது. முதியவர்களோடு செல்பவர்கள் காலை 8 மணி நடையையே தேர்ந்தெடுங்கள். பத்து மணிக்கு மேல் கோட்டைத் திடலில் நிழல் இல்லை, வழியில் உட்கார இடமும் குறைவு. மடக்கு நாற்காலி கேட்டால் தருகிறார்கள், ஆனால் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்.