பரணில் கிடந்த பொருளை எங்கே தள்ளுவது: எடைக்கா, ஆப்பிலா, கைமாற்றியா?

போன சித்திரையில் மதுரையில் அம்மா இருந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. நாற்பது வருஷக் குடித்தனம், பரணில் இருந்து இறக்க இறக்க வந்துகொண்டே இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தை இரண்டு, டியூப் டிவி, மூன்று மிக்சி, பட்டுப்புடவைகள், ஆள் உயரத்தில் பாதிக்கு ஒரு டில்டிங் கிரைண்டர். எதுவும் குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது என்று நானும் அக்காவும் பேசிவைத்துக்கொண்டு, இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் காயலான் கடை. இதைவிடச் சுலபமான வழி கிடையாது. மூணு சக்கர வண்டியோடு வாசலுக்கே வந்து, எடை போட்டுக் கையில் காசு கொடுத்துவிடுவார்கள். எங்கள் கிரைண்டரைப் பார்த்ததும் அவர் மோட்டாரைத் தட்டிப் பார்த்தார், டிரம்மைத் தட்டிப் பார்த்தார், குழவியைக் காட்டி "கல்லு வேணாம்க்கா, அதை நீங்களே வச்சுக்கங்க" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவிட்சைப் போட்டால் ஓடுகிற கிரைண்டர் அவருக்குக் கிரைண்டர் இல்லை, இத்தனை கிலோ எவர்சில்வர், மோட்டாருக்குள் கொஞ்சம் செம்புக் கம்பி, அவ்வளவுதான். பட்டுப்புடவை வாங்க வருகிறவரும் அப்படித்தான், சரிகையில் இருக்கும் வெள்ளிக்குத்தான் விலை பேசுவார். அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன், அவர்கள் இல்லாவிட்டால் ஊரில் இருக்கும் இரும்பும் பேப்பரும் மொத்தமாகக் குப்பைமேட்டில்தான் கிடக்கும். உடைந்த வாளி, துருப்பிடித்த கட்டில், பழைய நோட்டுக்கு அதுதான் சரியான இடம். ஓடுகிற பொருளுக்கு இல்லை.

எக்ஸ்சேஞ்ச் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புதுசு வாங்கினால்தான் பழசை எடுப்பார்கள். வீட்டைக் காலி செய்கிறவருக்கு அது எதற்கு?

ஆன்லைனில் விற்கிற ஆப்பில் பீரோவைப் போட்டேன். படம் போட்ட அரை மணியில் ஒருவர் பேரமே பேசாமல் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, பணம் அனுப்ப ஒரு க்யூஆர் கோடு அனுப்பினார். ஏமாற்று வேலை. நமக்குப் பணம் வருவதற்கு நாம் கோடு ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம், இதைத் தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கள். மற்றபடி பீரோ, மரச்சாமான், சைக்கிள் மாதிரி நல்ல விலை போகிற பொருளுக்கு ஆப் பரவாயில்லை. ஐந்நூறு ரூபாய்ப் பொருளுக்கு நாலு நாள் போனில் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

துணிமணிக்கு அன்புச் சுவரா (வேண்டாததை வைத்துவிட்டுப் போனால், தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்கிற பொதுச் சுவர்), தொண்டு நிறுவனமா என்று வந்தால் நான் நிறுவனத்தின் பக்கம். ஈரானில் மஷாத் நகரில் 2015-ல் இந்தச் சுவர் பிரபலமானது, நம் பக்கம் திருநெல்வேலியில் 2017-ல் வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் ஒரு மழை வந்தால் போதும், அத்தனையும் நனைந்து குப்பையாகிவிடும். அன்ஷு குப்தா 1999-ல் தொடங்கிய கூஞ்ச் மாதிரி இடங்களில் துணியைத் தரம் பிரிக்கிறார்கள். கிராமத்தில் குளம் வெட்டி, பாதை போட்டவர்களுக்கு அந்த வேலைக்கு ஈடாகப் பொருள் போகிறது, நைந்த பருத்தித் துணியைக்கூட சானிட்டரி நாப்கினாக மாற்றுகிறார்கள். நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, துவைத்து மடித்துக் கொடுப்பது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது, தெரிந்தவர் மூலமாக ஆள் தேடி நேராகக் கொடுப்பதுதான். நேரம் பிடிக்கும், நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும். வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும், அது ரொம்ப முக்கியம். 2011-க்கு அப்புறம் அரசு கொடுத்த மிக்சி நிறைய வீடுகளில் இருக்கிறது, நம் பழைய மிக்சிக்காக யாரும் காத்திருக்கவில்லை. ஆனால் தெருமுனை மெக்கானிக், ஜாருக்கும் கப்ளருக்கும் உதவும் என்று மூன்றையும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். மெத்தைக்காரர் பழைய பஞ்சை அடித்து, இரண்டு மெத்தையை ஒரு மெத்தையும் நாலு தலையணையுமாக ஆக்கித் தந்தார். கிரைண்டர், அடுத்த தெருவில் இட்லி மாவு விற்கிற ஒரு பெண்ணுக்குப் போனது. பெல்ட் தேய்ந்திருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி, புதுசு போட்டு, கல்லையும் கொத்தவைத்துக் கொடுத்தோம். மறுவாரம் பார்த்தபோது விடிகாலையிலேயே உளுந்து பொங்கப் பொங்க ஓடிக்கொண்டிருந்தது.

டிவி மட்டும் பாக்கி. யாருக்கும் வேண்டாம், எடைக்குப் போடவும் மனசு வரவில்லை. அந்தப் பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, செம்புச் சுருளுக்காகக் கழுத்தை உடைத்துவிட்டு மிச்சத்தை எங்கேயாவது போட்டுவிடுவார்கள். மின்கழிவு எடுக்க அனுமதி வாங்கிய நிறுவனம் வந்து எடுக்கும் வரைக்கும், சாக்கு போர்த்தி அக்கா வீட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறோம்.