டில்ட் லாக்கை நம்பி இழுத்துச் சென்ற எஞ்சின்: சிறு படகு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

பதினான்கு அடி ஃபைபர் படகு ஒன்றையும், அதன் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டும் 9.9 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் ஒன்றையும், இரண்டையும் இழுத்துச் செல்ல ஒரு ட்ரெய்லரையும் ஒரே விற்பனையாளரிடம் வாங்கினேன். எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்ற கவலை நமக்கு வேண்டாம் என்று அப்போது நினைத்தேன். பொருந்தவில்லை என்பதும், அது விற்றவருக்குத் தெரியாத விஷயமல்ல என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தன. விற்பனையாளரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தண்ணீரில் இறக்கிய முதல் நாளே படகு சரியாக ஓடவில்லை. நேராகச் செல்லும்போது ஓரளவு ஓடியது. சற்றுத் திருப்பினாலோ சிறிய அலை வந்தாலோ எஞ்சின் திடீரென்று அலறும், படகு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, புரொப்பெல்லர் சரியில்லை என்று சொல்லி வேறொன்றை விற்றார். அதை மாட்டிய பிறகும் அதே அலறல்தான். கடைசியில் ஒரு நாள் படகை ட்ரெய்லரில் சமமாக நிறுத்தி, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். எஞ்சின் மாட்டும் பின்பலகையின் உயரம், மேல் விளிம்பிலிருந்து படகின் அடிவரை, 20 அங்குலம் இருந்தது. எனக்குக் கொடுத்திருந்ததோ 15 அங்குலப் பலகைக்கு உரிய ஷார்ட் ஷாஃப்ட் எஞ்சின், அதாவது தலைப்பகுதியிலிருந்து புரொப்பெல்லர் வரை இறங்கும் கால் குட்டையானது. புரொப்பெல்லருக்குச் சற்று மேலே படுக்கைவாட்டில் இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். அந்தத் தட்டுதான் மேற்பரப்பிலிருந்து காற்று புரொப்பெல்லருக்குள் இழுக்கப்படாமல் தடுக்கிறது. என் படகில் அது அடிமட்டத்துக்கு நான்கு அங்குலத்துக்கும் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. புரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளுவதற்குப் பதிலாகக் காற்றைக் கடைந்துகொண்டிருந்தது. எந்தப் புரொப்பெல்லரை மாற்றினாலும் இது தீராது.

இதைச் சொன்னபோது, "இந்த சைஸ் படகுக்கு எல்லாரும் இதைத்தான் சார் போடுறாங்க" என்பதே பதில். அவரிடம் லாங் ஷாஃப்ட் கையிருப்பில் இல்லை, ஷார்ட் ஷாஃப்ட் நிறைய இருந்தது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல; இது பணத்தோடு போயிற்று. அடுத்தது சாலையில் நடந்தது.

எஞ்சினைப் பின்பலகையில் மாட்டியபடியே ட்ரெய்லரில் கொண்டு போகலாமா என்று வாங்கிய அன்றே கேட்டிருந்தேன். "தூக்கி லாக் போட்டுட்டு எங்க வேணும்னாலும் இழுத்துட்டுப் போங்க சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, அவரே எஞ்சினைச் சாய்த்து, பக்கவாட்டில் இருந்த சிறு நெம்புகோலை, அதாவது எஞ்சினைத் தூக்கிய நிலையில் பிடித்து நிறுத்தும் டில்ட் லாக்கை, தட்டிவிட்டுக் காட்டினார். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது, எஞ்சின் தூக்கியபடியே நின்றது. கையேட்டைக் கேட்டேன். ஆபீஸில் இருக்கிறது, பிறகு அனுப்புகிறேன் என்றார். அனுப்பவில்லை. மூன்று முறை கேட்டும் வரவில்லை.

நான்காவது பயணத்தில், சாலையில் இருந்த ஒரு குழியில் ட்ரெய்லரின் சக்கரம் இறங்கி ஏறியது. பின்னால் இரும்பு இரும்போடு மோதும் சத்தமும், தொடர்ந்து தேய்க்கும் சத்தமும் கேட்டன. வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தால் எஞ்சின் கீழே விழுந்து நிமிர்ந்து நின்றது. புரொப்பெல்லருக்குக் கீழே மீன் துடுப்பு போல நீண்டிருக்கும் விளிம்பு தரையில் உரசிப் பாதி உடைந்திருந்தது. பின்பலகையின் உட்புறத்தில், எஞ்சினைப் பலகையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் அழுந்திய இடத்திலிருந்து மூலை வரை ஃபைபரில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. அந்த லாக்கைக் குனிந்து பார்த்தேன். என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு கம்பி, நுனியில் லேசாக வளைந்து, புதிதாகச் சுரண்டப்பட்டுப் பளபளவென்று இருந்தது. சுமார் 40 கிலோ எடையுள்ள இயந்திரத்தை இத்தனை நாள் சாலைக் குலுக்கலில் தாங்கிப் பிடித்திருந்தது அதுதான்.

அந்த லாக் எதற்கு என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். படகைக் கரையில் கட்டி வைத்திருக்கும்போதோ, ஆழமில்லாத இடத்தில் ஒதுக்கும்போதோ, புரொப்பெல்லரில் சிக்கிய கயிற்றை எடுக்கும்போதோ எஞ்சினைத் தூக்கி நிறுத்துவதற்கான ஏற்பாடு அது. இழுத்துச் செல்லும்போது அதை நம்பக் கூடாது, குலுக்கலில் கழன்று எஞ்சின் விழும் என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. தூக்கிய நிலையில் எஞ்சினின் கால்பகுதி பின்னால் நீண்டு நிற்கிறது. அதன் கடைக்கோடியில் இருப்பது கனமான கியர் பெட்டி. சாலையின் ஒவ்வொரு அதிர்விலும் அது நெம்புகோல் போல ஆடி, அத்தனை விசையையும் அந்தக் கம்பியிலும் பின்பலகையிலும் இறக்குகிறது. ஆகவே தரைக்கும் எஞ்சினின் நுனிக்கும் போதிய இடைவெளி இருந்தால், ஓடும் நிலையில் இருப்பது போல நேராக இறக்கி வைத்தே இழுத்துச் செல்ல வேண்டும். என்னுடையதைப் போலத் தாழ்வான ட்ரெய்லராக இருந்தால், எஞ்சினின் காலைத் தாங்கும் தனித் தாங்குகம்பி தேவை. அதன் ஒரு முனை ட்ரெய்லரின் பின் உருளையிலோ குறுக்குச் சட்டத்திலோ பொருந்தும். கவட்டை போன்ற மறுமுனையில் எஞ்சினின் கால் உட்காரும். எஞ்சினைக் கொஞ்சம் இறக்கி அதன் மேல் அழுந்தும்படி வைத்து, ரப்பர் பட்டையால் கட்டினால், எடை லாக்குக்குப் போகாமல் ட்ரெய்லரின் சட்டத்துக்குப் போகிறது. படகின் பின்பகுதியையும் ட்ரெய்லரோடு பட்டையால் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு ஒரு பக்கம் குதிக்க, தாங்குகம்பி எஞ்சினை மறுபக்கம் தள்ள, பலகைக்கு முன்னைவிடக் கேடுதான். எனக்கு விற்ற ட்ரெய்லரில் பின்பக்கப் பட்டைகளே இல்லை.

உடைந்ததைப் பழுது பார்க்கவும் அதே இடத்துக்குப் போனேன், அது என் முட்டாள்தனம். விரிசலின் மேல் பசை பூசி, சாயம் அடித்து, இனி கழலாது என்று பலகையில் இரண்டு துளையிட்டு போல்ட் போட்டுக் கொடுத்தார்கள். எஞ்சினை போல்ட் போட்டுப் பொருத்துவது நல்ல பழக்கம்தான். ஆனால் துளைகளில் நீர் புகாதபடி கடல் உபயோகத்துக்கான சீலன்ட் பூசவில்லை, உட்புறம் அகல வாஷரும் வைக்கவில்லை. இத்தகைய படகுகளின் பின்பலகைக்குள் பெரும்பாலும் இருப்பது பிளைவுட். சீலன்ட் இல்லாத துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால், வெளியே ஃபைபர் பளபளக்க உள்ளே மரம் ஊறி அழுகும். சில மாதங்கள் கழித்து ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பார்த்தேன். ஓரத்தில் 'டொக்' என்று கெட்டியாக ஒலித்த பலகை, போல்ட்டைச் சுற்றி நனைந்த அட்டைப் பெட்டியைத் தட்டியது போல மழுங்கி ஒலித்தது. போல்ட்டைக் கழற்றியதும் பழுப்பு நிறத்தில் தண்ணீர் வடிந்தது.

போதாக்குறைக்கு, பழுது பார்த்த எஞ்சினை அவர்களுடைய ஆள் தரை விரிப்பில் தவறான பக்கமாகப் படுக்க வைத்துக் கொண்டு வந்தார். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை எந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டும் என்று கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். மாற்றி வைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும். எந்த எஞ்சினாக இருந்தாலும் தலைப்பகுதி புரொப்பெல்லரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் காலில் தேங்கிய தண்ணீர் மேலே ஏறும். என்னுடையது அன்று ஸ்டார்ட் ஆகும்போது விட்ட புகையைப் பார்த்துப் பக்கத்துப் படகுக்காரர் தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தார்.

உத்தரவாதத்தின் பேரில் எழுத்துமூலம் கேட்டபோது, விற்பனையாளரின் பதில் ஒரே பக்கத்தில் வந்தது. டில்ட் லாக்கைப் போட்டு எஞ்சினை இழுத்துச் சென்றது கையேட்டுக்கு முரணான பயன்பாடு, எனவே பொறுப்பேற்க முடியாது என்று எழுதி, ஆதாரமாகக் கையேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து இணைத்திருந்தார்கள். நான் மூன்று முறை கேட்டும் கிடைக்காத கையேட்டில் என் கைக்கு வந்த முதல் பக்கம் அதுதான்.

வாங்குவதற்கு முன் பின்பலகையை நீங்களே அளந்து, எஞ்சினின் ஷாஃப்ட் அளவை ரசீதில் எழுதி வாங்குங்கள். கையேடு கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். இழுத்துச் செல்வது பற்றி வாய்மொழியாகச் சொல்வதை ஒரு வரியாகவாவது எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதுவே பதில். கிளாம்ப் திருகுகளைக் கையால் இறுக்கி, சில நிமிடங்கள் ஓடிய பிறகு மறுபடி இறுக்குங்கள். எஞ்சினுக்கும் படகுக்கும் ஒரு பாதுகாப்புச் சங்கிலி போடுங்கள். இந்த இரண்டையும்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை.

பின்பலகையை வேறொரு பட்டறையில் முழுவதுமாகப் பிரித்து, பிளைவுட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஷார்ட் ஷாஃப்ட் எஞ்சின் விற்பனைக்கு இருக்கிறது. விளிம்பு உடைந்ததையும் ஆயில் ஏறியதையும் கேட்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவதால் இன்னும் விலைபோகவில்லை.